பிளேலிஸ்டைப் பார்த்து ஆளை எடைபோட முடியுமா?

“என்ன மாதிரி பாட்டெல்லாம் கேப்பீங்க?” என்று ஒருவர் கேட்டால் அவர் விசாரிப்பது பெரும்பாலும் பாட்டைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பத்து நிமிஷம் தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினாலும், விடுதி அறைக்குப் புதிதாக ஒருவன் பெட்டியோடு வந்து நின்றாலும், முதல் சில கேள்விகளுக்குள் இது வந்துவிடும். பதில் வந்த மறுநொடியே நாம் தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம். எண்பதுகளின் மெலடி என்றால் மென்மையான ஆள், கர்னாடக சங்கீதம் என்றால் ஒழுக்கமான வீட்டுப் பிள்ளை, கானா என்றால் கொஞ்சம் பார்த்துத்தான் பழகணும், ஹெவி மெட்டல் என்றால் வீட்டில் ஏதோ பிரச்சினை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோகப் பாட்டை ஸ்டேட்டஸில் வைப்பவரைப் பற்றி ஊரே பேசி முடித்திருக்கும்.

இந்தத் தீர்ப்புகளில் உண்மை எவ்வளவு என்று உளவியலாளர்கள் எழுபது வருஷத்துக்கும் மேலாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்ததைப் பார்த்தால், உண்மை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. ஒருவருக்குப் பிடித்த பாட்டு அவருடைய குணத்தைப் பற்றிச் சொல்வது குறைவு. அவர் எந்த வருஷம் பிறந்தார், எந்தத் தெருவில் வளர்ந்தார், யாரோடு சேர்த்துப் பார்க்கப்பட ஆசைப்படுகிறார் என்பதைத்தான் அது அதிகம் சொல்கிறது. நாம் அதைக் குணம் என்று படித்துவிடுகிறோம், அங்கேதான் சிக்கல்.

முதலில் பெரிய நம்பிக்கையோடு இறங்கியவர் ரேமண்ட் கேட்டல். மனித குணங்களைக் கணக்குப் போட்டு வகை பிரித்ததில் பெயர் பெற்ற உளவியலாளர். 1950-களின் தொடக்கத்தில் அவரும் உடன் உழைத்தவர்களும் 120 இசைத் துணுக்குகளைப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது எது பிடிக்கவில்லை என்று கேட்கும் ஒரு சோதனையைத் தயாரித்தார்கள். கேள்வித்தாளில் ஒருவர் தன்னைப் பற்றிப் பொய் சொல்லலாம், ஆனால் இசைக்கு மனம் காட்டும் எதிர்வினை ஆழ்மனத்திலிருந்து வருவது, அதை மறைக்க முடியாது என்பது அவர்களுடைய நினைப்பு. மனநல மருத்துவமனைகளில்கூட இது நோயறியும் கருவியாக உதவும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு நிலைக்கவில்லை. ஆனால் இசை மனத்துக்குள் எட்டிப்பார்க்க ஒரு ஜன்னல் என்ற எண்ணம் மட்டும் அங்கிருந்து இன்றுவரை விடாமல் தொடர்கிறது.

இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் தொடங்குவது 2003-லிருந்து. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாம் காஸ்லிங் இருவரும் ஆறு ஆய்வுகளாக 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 14 இசை வகைகளை நான்கு பெரிய கூடைகளில் அடுக்கினார்கள். ஜாஸ், ப்ளூஸ், செவ்வியல் எல்லாம் சிந்தனையும் சிக்கலும் நிறைந்த கூடை. ராக், மெட்டல் எல்லாம் தீவிரமும் கலகமும். ராப், சோல், நடன இசை எல்லாம் துடிப்பும் தாளமும். நான்காவது கூடையில் பாப், நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி, பக்திப் பாட்டு, அப்புறம் திரைப்பட இசை. இந்த நான்காவது கூடைக்கு அவர்கள் கொடுத்த பெயரின் சாரம்: உற்சாகமானவர்கள், மரபை மீறாதவர்கள்.

கவனித்தீர்களா? திரைப்பட இசை ஒரே ஒரு வகை, அதுவும் பக்திப் பாட்டோடு சேர்ந்து ஒரே கூடையில். நம் ஊரில் இந்தப் படிவத்தை நீட்டினால் என்ன ஆகும்? நாம் காலையில் கேட்கும் சோகம், மத்தியானம் கேட்கும் குத்து, பேருந்தில் கேட்கும் காதல், கோயில் ஒலிபெருக்கியில் வரும் அம்மன் பாட்டு எல்லாமே அதே கூடைக்குள்தான் விழும். ஏழு கோடிக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு மக்கள் எல்லோரும் உற்சாகமான, மரபை மீறாத மனிதர்கள்! தமிழ் சினிமாவில் ஒரே படத்தின் ஐந்து பாட்டில் கர்னாடக ராகமும் ராக்கும் தெம்மாங்கும் ராப்பும் வரும். இசை வகையைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே நமக்குக் குறைவு. இசையமைப்பாளர், பாடகர், காலகட்டம் என்றுதான் நாம் ரசனையைப் பிரித்துப் பேசுகிறோம். மேற்கத்திய ஆய்வுகளின் முடிவை அப்படியே தூக்கி வந்து “உங்கள் பிளேலிஸ்ட் உங்கள் குணம்” என்று எழுதுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

சரி, அவர்கள் ஊரிலாவது பொருந்துகிறதா? 2006-ல் அதே இருவர் செய்த இன்னொரு ஆய்வு பிரபலமானது. 74 மாணவர்களிடம் தங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் பாட்டுகளைப் பட்டியல் போடச் சொன்னார்கள். அவர்களை முன்பின் பார்த்திராத எட்டுப் பேர், அந்தப் பாட்டுகளை மட்டும் கேட்டு, போட்டவர் எப்படிப்பட்டவர் என்று ஊகித்தார்கள். ஊகம் நன்றாகப் பலித்தது ஒரு குணத்தில்தான்: புதிய அனுபவத்தையும் புதிய யோசனையையும் ஏற்கும் மனம். கலகலப்பானவரா, பொறுப்பானவரா, விட்டுக்கொடுக்கிறவரா என்ற கேள்விகளில் அந்த அளவு துல்லியம் வரவில்லை. ஆனால் பத்திரிகைகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு, பாட்டைச் சொன்னால் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பின் ஆய்வுகள் குவிந்தன. 2017-ல் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ஷேஃபரும் கிளாடியா மெல்ஹார்னும் அதுவரை வந்த 28 ஆய்வுகளைத் திரட்டி மொத்தமாகக் கணக்குப் பார்த்தார்கள். குணத்துக்கும் இசை வகைக்கும் இடையே கிடைத்த 30 ஒட்டுறவு எண்களில் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) வெறும் ஆறுதான் 0.1-ஐத் தாண்டின. தாண்டியதிலும் புதியதை ஏற்கும் மனம்தான் முன்னால் நின்றது.

0.1 என்றால் எவ்வளவு? ஒரு குணத்துக்கும் ஒரு இசை வகைக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாட்டைப் பார்த்து, இவரிடம் அந்தக் குணம் சராசரிக்கு மேலா கீழா என்று ஊகித்தால் 100 பேரில் 50 பேரிடம் சரியாக வரும், காசு சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்று. ஒட்டுறவு 0.1 இருந்தால் 53 பேரிடம் சரியாக வரும். 0.2 இருந்தால் 56. ஆயிரக்கணக்கானவர்களிடம் ஆய்வு செய்யும்போது இந்த மூன்று பேர், ஆறு பேர் வித்தியாசம் தெளிவாகக் கண்ணில் படும், “புள்ளியியல்படி உறுதி” என்று கட்டுரையும் எழுதலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைப் பற்றி முடிவெடுக்க அது உதவவே உதவாது. “ஆய்வில் நிரூபணம்” என்ற செய்தியை எங்கே படித்தாலும் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் செய்தியில் அது இருக்காது.

“இல்லையே, என் நண்பன் கேட்கும் பாட்டும் அவன் குணமும் அப்படியே பொருந்துதே” என்று தோன்றும். பொருந்தும்தான், ஏனென்றால் நண்பனின் குணம் உங்களுக்கு முன்னாலேயே தெரியும், அதற்கு ஏற்ற பாட்டுகளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். குளிக்கும்போது அவன் முணுமுணுக்கும் விளம்பரப் பாட்டு உங்கள் கணக்கில் சேராது. அப்புறம் இன்னொரு விஷயம், ஒவ்வொரு இசை வகைக்கும் அதன் ரசிகர் எப்படி இருப்பார் என்ற பிம்பம் எல்லோருடைய தலையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. 2007-ல் ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும் இதையும் சோதித்தார்கள். மாணவர்களிடம் பிம்பங்கள் மிகத் தெளிவாக இருந்தன, ஆனால் உண்மையான ரசிகர்களோடு அவை பொருந்திய அளவு வகைக்கு வகை மாறியது. இந்தப் பிம்பம் நமக்குத் தெரியும் என்பதால்தான், யாராவது கேட்டால் நாமும் அதற்குத் தகுந்தபடி பதில் சொல்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் “குத்துப் பாட்டுன்னா உயிர்” என்று எந்த மாப்பிள்ளையும் சொல்வதில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவது மாதிரி ரசனையையும் இஸ்திரி போட்டுத்தான் கொண்டுபோகிறோம். அந்தப் பதிலிலிருந்து அவர் எப்படித் தெரிய விரும்புகிறார் என்பது தெரியும். அதுவும் ஒரு தகவல்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

எந்தப் பாட்டு என்பதைவிட எதற்காகக் கேட்கிறார் என்று கேட்டால் கொஞ்சம் உருப்படியான பதில் கிடைக்கும். தாமஸ் சமோரோ-ப்ரெமுசிக், ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் இருவரும் 2007-ல் இந்தப் பக்கமாகப் போனார்கள். மனம் எளிதில் அலைபாய்கிறவர்கள் உணர்ச்சியைச் சமாளிக்க இசையைப் பயன்படுத்துகிறார்கள், புதியதை ஏற்கும் மனமுள்ளவர்கள் இசையை அலசிக் கேட்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஒரே சோகப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பழைய காயத்தைக் கிளறிக்கொள்ளவே அதைப் போடுகிறார். இன்னொருவருக்கு அழுது முடித்தால் இலேசாகிவிடும். மூன்றாமவர் காதில் அந்தச் சோகம் விழவே இல்லை, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஸ்டேட்டஸில் மூன்று பேரும் ஒரே பாட்டைத்தான் வைத்திருப்பார்கள்.

மெட்டல் ரசிகர்கள் விஷயமும் இதே. கத்தலும் இரைச்சலுமாக இருக்கும் இசையைக் கேட்பவர் கோபக்காரராகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது. 2015-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் இருவரும் தீவிர மெட்டல் ரசிகர்கள் 39 பேரை முதலில் கோபப்படுத்தினார்கள், பிறகு அவர்களில் ஒரு பாதிப் பேரை அவரவர் இசையைக் கேட்கவிட்டார்கள். கோபம் ஏறவில்லை, மனம் தேறியது. சின்ன ஆய்வுதான், ஆனால் அதே வருஷம் அமெரிக்காவில் டாஷா ஹோவும் உடன் இருந்தவர்களும் 1980-களில் மெட்டலே கதி என்று இருந்தவர்களை நடுத்தர வயதில் தேடிப்பிடித்துக் கேட்டபோதும், இளமையில் மகிழ்ச்சியாக இருந்ததாகவும் இப்போதும் வாழ்க்கை நன்றாகவே போவதாகவும்தான் அவர்கள் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் ஏட்ரியன் நார்த் 36,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் வேடிக்கை. செவ்வியல் இசை ரசிகர்களும் ஹெவி மெட்டல் ரசிகர்களும் குணத்தில் ஒருவருக்கொருவர் நெருக்கமாக இருந்தார்கள், பெரிய வித்தியாசம் வயதில்தான்.

வயது என்று வந்துவிட்டதால் அதைப் பேசிவிடலாம், இந்த விஷயம் முழுவதிலும் இருப்பதிலேயே வலுவான காரணி அதுதான் என்பது என் அபிப்பிராயம். 1989-ல் மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷின்ட்லர் இருவரும் 1932 முதல் 1986 வரை வந்த 28 பிரபலமான பாட்டுகளைப் பல வயதினருக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் பாட்டு மிகவும் பிடிக்கிறது என்பது, அது வந்தபோது கேட்பவருக்கு என்ன வயது என்பதோடு ஒட்டிப் போனது. உச்சம் ஏறக்குறைய 24 வயதில். முதல் சம்பளம், முதல் காதல், முதல் தோல்வி எல்லாம் நடக்கும் காலத்தில் பின்னணியில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அது மனதோடு ஒட்டிக்கொள்கிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால், முப்பது வருஷமாக ஓயாமல் நடக்கும் ஒரு சண்டை சட்டென்று விளங்கிவிடும். இளையராஜா வந்தது 1976, ஏ.ஆர்.ரஹ்மான் 1992, அனிருத் 2012. ராஜா ரசிகர் ஆழமானவர், ரஹ்மான் ரசிகர் நவீனமானவர், அனிருத் ரசிகருக்குப் பொறுமை கிடையாது என்றெல்லாம் குணச்சித்திரம் வரைகிறார்களே, முக்கால்வாசி அது பிறந்த வருஷம்தான். “எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா” என்று ராஜா ரசிகர் இன்று சொல்லும் அதே புகாரை, எழுபதுகளின் கடைசியில் அவருடைய அப்பா விஸ்வநாதன்-ராமமூர்த்தியை நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் 2000-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் ஏன் ராத்திரிப் பயணத்தில் ராஜாவைப் போடுகிறார்கள்? அதற்கும் ஒரு பதில் உண்டு. 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சலும் அவருடைய சக ஆய்வாளரும் இருபது வயது மாணவர்களிடம் கேட்டபோது, தங்கள் காலத்துப் பாட்டு மட்டுமல்லாமல் பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டும், அதற்கும் முந்தைய 1960-களின் பாட்டும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. சின்ன வயதில் வீட்டிலும் காரிலும் காதில் விழுந்ததெல்லாம் உள்ளே தங்கிவிடுகிறது. அது ‘பழைய ஆன்மா’ ஒன்றும் இல்லை, அப்பா வைத்திருந்த கேசட்.

கூட்டத்தின் கை இதில் எவ்வளவு நீளம் என்று பார்க்க 2006-ல் வெளிவந்த மேத்யூ சால்கனிக் குழுவின் சோதனையைச் சொல்லலாம். யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள், 14,341 பேர் வந்தார்கள். சிலருக்கு வெறும் பாட்டுகள் மட்டும், மற்றவர்களுக்கு எத்தனை பேர் அதைத் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். எண்ணிக்கை தெரிந்தவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு உலகத்திலும் வெவ்வேறு பாட்டு மேலே ஏறியது. ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40-வது இடத்தில் கிடந்தது. அதே மாதிரி ஆட்கள், அதே பாட்டுகள். ரொம்ப நல்ல பாட்டு அடியோடு தோற்பதும் ரொம்ப மோசமானது ஜெயிப்பதும் அரிதாகத்தான் நடந்தது, நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தைப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் எழுதினார்கள். “எனக்குப் பிடித்த பாட்டு” என்று நாம் உரிமை கொண்டாடுவதில் இப்படிப் பங்காளிகள் நிறைய.

இனி வர்க்கமும் சாதியும். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1960-களில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் கணக்கெடுத்து, 1979-ல் எழுதிய நூலில், ஒருவரின் வர்க்கத்தை இசை ரசனை அளவுக்குக் காட்டிக்கொடுப்பது வேறில்லை என்கிற அளவுக்குப் போனார். படித்த மேல்தட்டுக்குச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக், சிறு அதிகாரிகளுக்கும் எழுத்தர்களுக்கும் ஜாஸ் சாயலில் எழுதிய கெர்ஷ்வின், அடித்தட்டுக்கு வால்ட்ஸ் நடன மெட்டு என்று படிக்கட்டு தெளிவாகவே இருந்தது. பிறகு 1990-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பீட்டர்சன், மேல்தட்டு மாறிவிட்டது, இப்போது அவர்கள் எல்லாவற்றையும் ரசிப்பவர்கள் என்று காட்டினார். அதற்கு பெத்தனி பிரைசன் 1996-ல் ஒரு குட்டு வைத்தார்: எல்லாம் கேட்பேன் என்கிற படித்தவர்கள் ஒதுக்குகிற சில வகைகள் எவை என்று பார்த்தால், ராப், மெட்டல், கன்ட்ரி, தேவாலயப் பாட்டான காஸ்பல். படிப்பு குறைந்தவர்கள் விரும்பும் இசை எதுவோ சரியாக அதுவே.

தமிழ்நாட்டில் இதை விளக்கப் புத்தகம் வேண்டாம். பறை யார் வீட்டு வாசலில் ஒலித்தது, நாகஸ்வரக்காரர் எந்தத் திண்ணைவரை வரலாம், சபாவின் முன்வரிசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பது எல்லாம் ரசனையால் தீர்மானமானவை இல்லை. தமிழில் பாடினால் கச்சேரிக்குத் தரம் குறையும் என்ற வாதத்தை எதிர்த்து 1943-ல் தமிழிசைச் சங்கம் தொடங்க வேண்டியிருந்த ஊர் இது. வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானாவை, அதைப் பாடுகிறவன் ரவுடி என்ற பார்வையோடு சேர்த்தே பலர் கேட்டு வளர்ந்தார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு மேடையேறி, கானாவையும் ராப்பையும் வைத்து நேராகச் சாதியைப் பற்றிப் பாடியபோது, இந்த இசைக்கு ஒட்டப்பட்டிருந்த முத்திரை எப்படிப்பட்டது என்பது பலருக்குச் சங்கடமாகவே புரிந்திருக்கும். ‘கானா பிடிக்கும்’ என்கிற ஒருவரைப் பார்த்து நாம் சுதாரித்துக்கொள்வது அவர் குணத்தைக் கணித்து வந்தது இல்லை, அவர் தெருவைக் கணித்து வந்தது.

நல்ல இசை நல்ல குடிமகனை உருவாக்கும் என்று நம்பி ஓர் அரசாங்கமே இறங்கிய கதையும் உண்டு. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதைச் சுருக்கினார், படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் சேர்ந்துகொள்ள, திரைப்பாடல் வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. இடத்தைச் செவ்வியல் இசை நிரப்பியது. மக்கள் திருந்தினார்களா? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். தமிழில் மயில்வாகனன், இந்தியில் அமீன் சயானி என்று அந்த நிலையம் இந்தியா முழுக்க வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கடைசியில் 1957 அக்டோபர் 3-ம் தேதி சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் விவித் பாரதி சேவையைத் தொடங்கி, தில்லியே இறங்கி வர வேண்டியதாயிற்று. பாட்டை மாற்றினால் ஆள் மாறுவான் என்ற நினைப்பும், பாட்டைப் பார்த்தால் ஆள் தெரிவான் என்ற நினைப்பும் ஒரே மரத்துக் கிளைகள்தான்.

இதெல்லாம் திண்ணைப் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. நீதிமன்றத்துக்குள் போகும்போதுதான் பயமாக இருக்கிறது. 1993 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற ஊரில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் மூன்று இளைஞர்கள். குற்றத்தோடு அவர்களை இணைக்கும் உடல்ரீதியான தடயம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் டேமியன் எக்கோல்ஸ் என்ற இளைஞர் கறுப்பு உடை உடுத்துவார், மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாட்டைக் கேட்பார், மாந்திரீகப் புத்தகங்கள் படிப்பார். சாத்தான் வழிபாட்டுக் கொலை என்று அரசுத் தரப்பு கட்டிய கதைக்கு இவையெல்லாம் செங்கல். எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். பின்னாளில் செய்த மரபணுச் சோதனைகளில் மூவரில் யாருடைய தடயமும் கிடைக்கவில்லை. 2011 ஆகஸ்டில், தாங்கள் நிரபராதி என்று சொல்லிக்கொண்டே சட்டப்படி ஒப்புக்கொள்ளும் ஒரு விசித்திர ஏற்பாட்டின் கீழ், பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு மூவரும் வெளியே வந்தார்கள்.

ராப் பாடுகிறவர்களுக்கு இது இன்னும் கிட்டத்தில் நடக்கிறது. கேரி ஃப்ரைட் என்ற ஆய்வாளர் 1996-ல் ஒரு எளிய வேலை செய்தார். கிங்ஸ்டன் ட்ரியோ என்ற வெள்ளைக்கார நாட்டுப்பாடல் குழு 1960-ல் பாடிய, போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றிய பாட்டு வரிகளைத் தாளில் அடித்து ஆட்களிடம் கொடுத்தார். இது ராப் என்று சிலருக்கும், கன்ட்ரி பாட்டு என்று சிலருக்கும் சொன்னார். ஒரே வரிகள்தான், ராப் என்று கேள்விப்பட்டவர்களுக்கு மட்டும் அது ஆபத்தானதாக, எச்சரிக்கை ஒட்ட வேண்டியதாகத் தெரிந்தது. பாடியவர் கறுப்பினத்தவர் என்று காட்டியபோதும் அதே கதை. இருபது வருஷம் கழித்து ஆடம் டன்பார், சாரிஸ் குப்ரின் முதலானவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள், ராப் என்ற பெயரின் சுமை குறையவில்லை. எழுதினவருடைய குணத்தைப் பற்றிக் கேட்டபோதும் ராப் எழுதியவருக்குத்தான் மோசமான மதிப்பெண். அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டும் வழக்கம் இருப்பதால் இது வெறும் ஆய்வுக்கூட விஷயமாக நிற்கவில்லை. 2022-ல் கலிஃபோர்னியா மாநிலம் இதைக் கட்டுப்படுத்தவே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

நல்ல இசை கேட்பவர் நல்லவர் என்ற தலைகீழ்க் கணக்கும் இதே அளவுக்குப் பொய். ஹிட்லருக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை மீதிருந்த பைத்தியம் எல்லோருக்கும் தெரியும். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கிய தியோடர் ஹெர்சலும் அதே வாக்னரின் ரசிகர்தான். பாரிஸில் அந்த நாட்டைப் பற்றிய தன் நூலை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் மாலையில் வாக்னர் ஓப்பரா கேட்கப் போவார், ஓப்பரா இல்லாத மாலைகளில்தான் தன் யோசனை மேலேயே சந்தேகம் வந்தது என்று எழுதியிருக்கிறார். இரண்டு பேருடைய ரசனையையும் வைத்து இரண்டு பேருடைய குணத்தை யாராவது பிரித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

கடைசியாக, இந்தக் கேள்வியில் இப்போது அதிக அக்கறை காட்டுபவர்கள் மாப்பிள்ளை வீட்டாரோ உளவியலாளரோ இல்லை, பாட்டை ஓடவிடும் நிறுவனங்கள். 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பாட்டிஃபை பயன்படுத்தும் 5,808 பேர் மூன்று மாதத்தில் கேட்ட 1 கோடியே 76 லட்சம் பாட்டு ஓட்டங்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். எந்தப் பாட்டு என்பதோடு எந்த நேரத்தில், எத்தனை முறை, எந்தக் கருவியில் கேட்டார்கள் என்பதும் சேர்ந்தபோது, வெறும் வகைப் பெயரை வைத்துச் செய்த பழைய ஆய்வுகளைவிடக் கணிப்பு மேம்பட்டது. மேம்பட்டும், தனி ஒரு ஆளைப் பற்றி நம்பிச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. ஆனால் விளம்பரம் விற்பவருக்குத் தனி ஆளைப் பற்றிச் சரியாகத் தெரிய வேண்டிய அவசியமே கிடையாது. நூற்றுக்கு 50 என்பது 56 ஆனால் நமக்கு அது ஒன்றுமில்லை, கோடிக்கணக்கான காதுகளை வைத்திருப்பவருக்கு அந்த ஆறு பெரிய பணம். அதே 2021 ஜனவரியில், பேச்சையும் சுற்றுப்புறச் சத்தத்தையும் கேட்டு ஒருவரின் மனநிலை, வயது, பால், உச்சரிப்பு எல்லாம் ஊகித்துப் பாட்டுப் பரிந்துரைக்கும் ஒரு முறைக்கு ஸ்பாட்டிஃபைக்குக் காப்புரிமை கிடைத்தது. இசைக்கலைஞர்களும் உரிமை அமைப்புகளும் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள், அதைப் பயன்படுத்தவும் இல்லை, பயன்படுத்தும் திட்டமும் இல்லை என்று நிறுவனம் பதில் சொன்னது.